பெரியப்பா ஒரு ஃபாரினர்!

நம் சொந்தக்காரர்கள் மத்தியில் பி.காம். படித்தவனுக்கென்று ஒரு தனி அந்தஸ்து உண்டு. டாக்டருக்குப் படித்தவனிடம் தலைவலியை மட்டும் சொல்வார்கள். பி.காம். படித்தவனிடம் மீதி எல்லாவற்றையும் சொல்வார்கள். வருமான வரி, எல்.ஐ.சி. பாலிசி, கரண்ட் பில்லில் கூடுதலாக வந்த நாற்பது ரூபாய், ரேஷன் கார்டில் தப்பாக விழுந்த இனிஷியல்... "அவன் பி.காம்.தானே, அவனைக் கேளு!"

விவேகானந்தா ஈவினிங் காலேஜில் நான் படித்தது டெபிட்டும் கிரெடிட்டும். மனசில் நின்றது அதில் பாதி. இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன் என்பதெல்லாம் சொந்தக்காரர்கள் கணக்கில் வராது. "சும்மா வீட்லதானே இருக்கே?" என்பார்கள்.

2023 ஜனவரியில் ஒரு விடியற்காலை, நியூ ஜெர்சியிலிருந்து போன். பெரியப்பா.

"டேய், முடிவு பண்ணிட்டேன். இனிமே மயிலாப்பூர்தான். நீதான் எல்லாம் பார்த்துக்கணும். நீ பி.காம்.தானே?"

பெரியம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள், வேறு ஸ்டேட்டில் வேலை. "நாள் பூரா வீட்டுக்குள்ளே என் குரலையே நான் கேக்கறதில்லைடா" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? "கிளம்பி வாங்க பெரியப்பா" என்றேன்.

அந்த மூன்று வார்த்தைக்கு இந்தக் கணம் வரை ஃபாரம் பூர்த்தி செய்துகொண்டிருக்கிறேன்.

பெரியப்பா 1951-இல் சித்ரகுளம் பக்கத்துச் சந்தில் பிறந்தவர். நீச்சல் கற்றுக்கொண்டது அந்தக் குளத்தில்தான் என்பார். (அப்பா, "கத்துக்கலை, விழுந்தான்" என்பார்.) 1976-இல் சட்டைப்பையில் எட்டு டாலரோடு விமானம் ஏறினாராம். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் கொண்டுபோக விட்டார்கள் என்று இன்றைக்கும் அந்த எட்டு டாலரைப் பற்றிப் பேசுவார். 1988-இல் அமெரிக்கப் பிரஜை ஆனார்.

அங்கேதான் சிக்கல். நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம், ஒன்பதாவது பிரிவு. வேறு நாட்டுப் பிரஜையாக நீங்களே விரும்பி ஆனால், ஆன அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை தானாகக் கழன்று விழுந்துவிடும். யாரும் கடிதம் போட்டுச் சொல்ல மாட்டார்கள். பெரியப்பா அன்றைக்கு அங்கே கையைத் தூக்கிச் சத்தியப் பிரமாணம் எடுத்தபோது, இங்கே கச்சேரி ரோடு அவருக்கு வெளிநாடாகிவிட்டது.

வந்து இறங்கியது ஈ-டூரிஸ்ட் விசாவில். அமெரிக்க பாஸ்போர்ட்காரர் அதில் ஒரு தடவைக்கு 180 நாள் வரை தொடர்ந்து இருக்கலாம். பிறந்த ஊருக்கு டூரிஸ்ட்டாக வந்தவரை, சரி, டூரிஸ்ட் மாதிரியே மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனேன். டிக்கெட் கவுன்ட்டரில் போர்டு: இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600.

"பெரியப்பா, வாயைத் திறக்காம என் பின்னாடியே வாங்க. உங்க மூஞ்சியைப் பார்த்து யாரும் ஃபாரினர்னு சொல்ல மாட்டாங்க. நாற்பதே போதும்" என்றேன்.

அவர் நேராகக் கவுன்ட்டருக்குப் போய், "ஒன் ஃபாரினர்" என்று 600 ரூபாயை நீட்டினார். உள்ளே இருந்தவர் இவரையும் இவர் நெற்றி விபூதியையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்த ஊரு சார் நீங்க?"

"மயிலாப்பூர்."

பின்னால் கியூவில் நின்றவர்கள் சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அர்ஜுனன் தபசு முன்னால் நின்றபோது பெரியப்பா சிரிக்கவில்லை. "ஸ்கூல்லேர்ந்து இங்க எக்ஸ்கர்ஷன் வந்தோம்டா. அப்ப எனக்கு டிக்கெட்டே கிடையாது" என்றார்.

அடுத்த வாரம் நுங்கம்பாக்கம் பக்கம், வெளிநாட்டவர் விவகாரம் பார்க்கும் ஆபீஸ். எங்கள் திட்டம் ரொம்ப சுலபமானது. ஓ.சி.ஐ. கார்டு என்று ஒன்று இருக்கிறது. அதை வாங்கினால் ஆயுசுக்கும் இங்கே இருக்கலாம். எத்தனை நாள் தங்கினாலும் எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டாம். அதை இங்கேயே வாங்கிவிடலாம்!

அங்கிருந்த அதிகாரி நல்ல மனுஷர். உட்கார வைத்து விளக்கினார். டூரிஸ்ட் விசாவில் வந்தவர் இந்தியாவுக்குள் இருந்துகொண்டு ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்க முடியாது. மிஷனரி விசாவில் வந்தாலும் முடியாது. மலையேறும் விசாவில் வந்தாலும் முடியாது.

"மலையேறும் விசாவா?"

"ஆமாம் சார். மவுன்ட்டனீரிங்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். "நமக்கு பரங்கிமலையே மூச்சு வாங்குதேடா!"

ஆக, திரும்பி அமெரிக்கா போய், அங்கிருந்து விண்ணப்பித்து, கார்டோடு வர வேண்டும். அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒரு காலத்தில் இந்தியராக இருந்ததற்குச் சாட்சி. அப்புறம், பழைய இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டதற்கான சரண்டர் சர்ட்டிஃபிகேட்.

"அந்தப் பழைய பாஸ்போர்ட் எங்கே பெரியப்பா?"

அவர் பதில் சொல்லாமல் கார் ஜன்னல் வழியே ஜெமினி ஃப்ளைஓவரைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இங்கே ஒரு குடும்ப ரகசியம் சொல்ல வேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் சரியாகப் பேசிக்கொண்டு முப்பது வருஷம் ஆகிறது. சண்டை என்று சொல்ல முடியாது. "வந்தியா, சாப்டியா, எப்ப கிளம்பறே" என்ற அளவில் ஒரு உறவு.

காரணம் 1994. பாட்டி ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி தவறிப்போனாள். பெரியப்பாவுக்குத் தந்தி, போன் எல்லாம் போனது. ஆனால் அவர் அமெரிக்கப் பிரஜை. விசா இல்லாமல் விமானம் ஏற முடியாது. ஓ.சி.ஐ. என்பது 2005 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் வந்தது. அதற்கு முந்தைய பி.ஐ.ஓ. கார்டே 1999-இல்தான் வந்தது. (2015 ஜனவரியில் அந்த பி.ஐ.ஓ.வை ஓ.சி.ஐ.யோடு சேர்த்துவிட்டார்கள்.) அன்றைக்கு இரண்டும் இல்லை. அது அங்கே லாங் வீக் எண்ட். விசா ஆபீஸ் செவ்வாய்க்கிழமைதான் திறந்தது. பெரியப்பா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூத்த பிள்ளை போட வேண்டிய கொள்ளியை அப்பா போட்டார்.

எனக்கு அப்போது நாலு வயசு. ஒரு பெரிய சாக்லேட் டப்பாவும், யாரும் அதைத் திறக்காததும்தான் ஞாபகம் இருக்கிறது.

"அம்மா சாவுக்கு விசா வாங்கிட்டு வந்தவன்" என்று அப்பா யாரிடமோ சொன்னது பெரியப்பா காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அது முப்பது வருஷம் ஓடியது.

வீட்டுக்கு வந்ததும் நான்தான் மெதுவாக ஆரம்பித்தேன். "அப்பா, பெரியப்பாவோட பழைய பாஸ்போர்ட் ஒண்ணு... எங்கேயாவது..." அப்பா பேப்பரைக் கீழே வைக்கவே இல்லை. எழுந்து உள்ளே போனார். பரணில் இருந்த பாட்டியின் டிரங்குப் பெட்டியை இறக்கினார். மஞ்சள் பை. அதற்குள் பிளாஸ்டிக் கவர். அதற்குள் பாஸ்போர்ட், இரண்டு நாப்தலீன் உருண்டையோடு! 94-இல் பெரியப்பா விட்டுவிட்டுப் போனது. உருண்டை மட்டும் புதுசு. வருஷா வருஷம் மாற்றியிருக்கிறார் மனுஷர்.

டேபிளில் வைத்துவிட்டு, "பத்திரமா எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். பெரியப்பா இரண்டடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த வருஷம் மார்கழிக்கு பெரியப்பா ஓ.சி.ஐ. கார்டோடு வந்துவிட்டார். 'கார்டு' என்று பெயர்தானே தவிர, பார்த்தால் பாஸ்போர்ட் மாதிரி ஒரு புத்தகம். ஆனால் பாஸ்போர்ட் இல்லை. 'இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்' என்று பெயர். ஆனால் குடிமகனும் இல்லை. ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. வீடு வாங்கலாம். மாமல்லபுரத்தில் 40 ரூபாய் டிக்கெட் எடுக்கலாம். (போய் எடுத்தோம். டிக்கெட்டைப் பர்ஸில் வைத்திருக்கிறார்.)

2021-இல் போட்ட விதியை வாசித்துக் காட்டினேன். ஓ.சி.ஐ.காரர்கள் ஆராய்ச்சி, மதப் பிரசாரம், பத்திரிகைத் தொழில் இதெல்லாம் செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். மலையேறுவதற்கும்.

"இந்த மலை நம்மை விடாது போலிருக்கே!" என்றார். பத்திரிகை சமாசாரத்தில் எனக்கு ஒரு போட்டி குறைந்தது என்று நான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் பாங்க் படலம்.

முதலில் தி.நகரில் ஒரு பிராஞ்ச். "அமெரிக்கன் பாஸ்போர்ட்டா? அப்ப என்.ஆர்.ஓ. அக்கவுன்ட்தான் சார்" என்றார்கள். இரண்டாவது, அடையாறில் வேறொரு பாங்க். "என்.ஆர்.ஈ. போடுங்க, வட்டிக்கு வரி கிடையாது" என்றார்கள். மூன்றாவது இடத்தில், "வெளிநாட்டவருக்கு நாங்க அக்கவுன்ட் ஓபன் பண்றதில்லை" என்றே சொல்லிவிட்டார்கள். பெரியப்பா மூன்று பேருக்கும் 'தாங்க் யூ' சொன்னார். அமெரிக்கா கற்றுக்கொடுத்த பழக்கம்.

நண்பர்களே, இந்த இடத்தில் என் பி.காம். முழித்துக்கொண்டது. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ரிசர்வ் பாங்க் விதிகளைப் படித்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பா திரும்பி வரலாம், அதனால் சொல்கிறேன்.

என்.ஆர்.ஈ. என்பது வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்பிவைக்க. வந்த வழியே டாலராகத் திரும்பிப் போகலாம். வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. என்பது வாடகை, பென்ஷன் மாதிரி இங்கே முளைக்கிற பணத்துக்கு. வட்டியில் 30 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வெளியே அனுப்ப வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் உச்சவரம்பு. ("கவலையே இல்லை" என்றார் பெரியப்பா.) இரண்டுமே வெளிநாட்டில் வசிப்பவருக்கானவை.

கேள்வி என்னவென்றால், பெரியப்பா வெளிநாட்டில் வசிப்பவரா?

உள்துறை அமைச்சகம் பாஸ்போர்ட்டைப் பார்க்கும். 'வெளிநாட்டவர்.'

அந்நியச் செலாவணிச் சட்டம் பாஸ்போர்ட்டைப் பார்க்காது. எங்கே வசிக்கிறார், என்ன எண்ணத்தில் வந்தார் என்று பார்க்கும். இங்கேயே இருந்துவிடும் எண்ணத்தில் வந்தவரா? 'உள்நாட்டில் வசிப்பவர்.' (பழைய 'ஃபெரா' சட்டம் 1973-இல் வந்தது, அதை எடுத்துவிட்டு 2000 ஜூனிலிருந்து 'ஃபெமா' நடப்பில் இருக்கிறது. பெரியப்பா இன்னும் ஃபெரா காலத்து பயத்திலேயே இருந்தார். டாலர் என்ற வார்த்தையை வீட்டுக்குள் ரகசியமாகத்தான் சொல்வார்.)

வருமான வரிக்காரர்கள் நாளை எண்ணுவார்கள். 182 நாளைத் தாண்டினால் வசிப்பவர். ஆனால் இத்தனை வருஷம் வெளியில் இருந்துவிட்டு வந்தவருக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் ஒரு சலுகை உண்டு. அதற்கு வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள்: 'வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லர்.' அந்த வருஷங்களில் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் இங்கே வரி வராது.

இதை விளக்கியதும் பெரியப்பா ரொம்ப நேரம் யோசித்தார். "கரெக்ட்தான்டா. நியூ ஜெர்சியில கடைசி ரெண்டு வருஷம் நான் அப்படித்தான் வசிச்சேன்" என்றார்.

இதோடு முடிந்ததா? அமெரிக்கா தன் பிரஜை மயிலாப்பூரில் இருந்தாலும் மண்ணடியில் இருந்தாலும் உலகம் முழுக்க உள்ள வருமானத்துக்குக் கணக்குக் கேட்கும். வெளிநாட்டு பாங்க்கில் (அதாவது நம்ம லஸ் கார்னர் பாங்க்கில்) இருப்பதெல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனியாக ஒரு அறிக்கை. இங்கே கணக்கு ஆரம்பிக்கும்போதும் 'ஃபாட்கா' என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம். 2015-இல் இரு நாடும் போட்ட ஒப்பந்தத்தின்படி, விவரம் தானாக அங்கே போய்விடும். பெண் கொடுத்த மாமனார்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்.

ஓ.டி.பி. கூத்து தனி. அமெரிக்க பாங்க் அமெரிக்க நம்பருக்குத்தான் ஓ.டி.பி. அனுப்புவேன் என்றது. அந்த நம்பரை மகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். இங்கே பகல் பதினோரு மணி என்றால் அங்கே நள்ளிரவு ஒன்றரை. பாவம், அந்தப் பெண் தூக்கத்தில் ஆறு இலக்கம் சொல்லி, அதில் ஒன்று தப்பாகி, மறுபடி எழுப்பி... மூன்றாவது நாள், "அப்பா, ஐ லவ் யூ, பட் ராத்திரியிலே போன் பண்ணாதே" என்று சொல்லிவிட்டாள். இப்போது பெரியப்பா ராத்திரி எட்டரைக்கு அமெரிக்க பாங்க் வேலை பார்க்கிறார், அந்த நம்பரை இங்கேயே வரவழைத்து, தனியாக ஒரு போனில் போட்டுக்கொண்டு.

இதற்கு நடுவில் பெரியப்பாவுக்கு ஒரு ஞாபகம். "டேய், 1972-லே முதல் வேலை கிடைச்சப்போ லஸ் பக்கத்துலே ஒரு அக்கவுன்ட் வெச்சிருந்தேனே!"

பத்து வருஷம் தொடாத கணக்கில் இருக்கும் பணம் ரிசர்வ் பாங்கின் தனி நிதிக்குப் போய்விடும். 2014-இல் வந்த ஏற்பாடு அது. ஆனால் பயப்பட வேண்டாம், பணம் முழுகிப் போகாது. கணக்கிருந்த பாங்க்கில் கேட்டால் வாங்கித் தருவார்கள். எந்தெந்த பாங்க்கில் கிடக்கிறது என்று தேடிப் பார்க்க 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்று ஒரு வசதியும் வந்திருக்கிறது. நாங்கள் நேரிலேயே போனோம்.

அந்த பிராஞ்ச் மேனேஜர் ஒரு அம்மாள். பழைய லெட்ஜரிலிருந்து மாதிரிக் கையெழுத்தை எடுத்துவரச் சொன்னார். பார்த்தால், தமிழ்க் கையெழுத்து! பெரியப்பா ஐம்பது வருஷமாக இங்கிலீஷில் கிறுக்குகிறவர்.

"சார், இதே மாதிரி ஒண்ணு போடுங்களேன்."

பேனாவை எடுத்தார். ஆரம்ப எழுத்தைப் போட்டார். நின்றுவிட்டார். "நாளைக்கு வரேம்மா" என்று எழுந்துவிட்டார்.

அன்று ராத்திரி முழுக்க என் பழைய நோட்டில் பிராக்டீஸ். நாலு பக்கம் ஆயிற்று. ஒன்றுகூட லெட்ஜரில் இருந்தது போல வரவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்த அப்பா, பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொம்பை இவ்வளவு தூக்க மாட்டே நீ" என்றார்.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்பா பேனாவை வாங்கி, ஓரத்தில் ஒன்று போட்டுக் காட்டினார். அச்சு அசல் அதே கையெழுத்து!

"எப்படிடா?"

"ஸ்கூல்லே உன் பிராக்ரஸ் கார்டிலே அப்பா கையெழுத்து போட்டதே நான்தானே. உன் கையெழுத்து என்ன பிரமாதம்?"

நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். ஹாலில் ரொம்ப நேரம் பேச்சுக் குரல் கேட்டது. என்ன பேசினார்கள் என்று தெரியாது. விசா ஆபீஸ் என்ற வார்த்தை ஒரு தடவை கேட்டது.

மறுநாள் கையெழுத்து முக்கால்வாசி பொருந்தியது. மீதிக் கால்வாசியை பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ.யும் ஆதாரும் சரிக்கட்டின. (ஆதாரா என்று கேட்காதீர்கள், 182 நாள் இங்கே இருந்துவிட்டால் ஓ.சி.ஐ.காரருக்கும் உண்டு.) சில வாரம் கழித்து வந்த பணம், வட்டியோடு இரண்டாயிரத்துச் சொச்சம். அதில் ராயர் மெஸ்ஸில் எங்கள் மொத்தக் குடும்பத்துக்கும் டிபன் வாங்கித் தந்தார். பொங்கலுக்குக் காசு கொடுத்தது 1972-ஆம் வருஷத்துப் பையன் என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்க முடியாத ஒரு சமாசாரமும் இருந்தது.

அமெரிக்காவில் 65 வயசுக்கு மேல் 'மெடிகேர்' என்ற அரசாங்க மருத்துவக் காப்பீடு. அதில் டாக்டர் செலவுக்கான பகுதிக்கு 2025-இல் மாதம் 185 டாலர். ஆனால் அது அமெரிக்காவுக்கு வெளியே அநேகமாக எந்த ஆஸ்பத்திரிக்கும் செல்லாது. மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு, போகாத டாக்டருக்கு மாசா மாசம் பணம். நிறுத்திவிடலாமே என்றால், நாளைக்கே உடம்புக்கு வந்து திரும்பிப் போனால், நினைத்தவுடன் சேர முடியாது. வருஷத்தில் குறிப்பிட்ட மாதங்களில்தான் சேரலாம். விட்ட ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் பத்து சதவீதம் அபராதம், ஆயுசு முழுக்க.

பெரியப்பாவுக்கு ஏற்கெனவே இதயத்தில் ஒரு ஸ்டென்ட். "நிறுத்தாதே அப்பா" என்றாள் மகள். அப்பா மனக்கணக்குப் போட்டார்: "பதினஞ்சாயிரத்து எழுநூறு ரூபாய். என் பென்ஷன்லே பாதி." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நிறுத்து என்று சொன்னால், நாளை ஏதாவது ஆனால்? நிறுத்தாதே என்று சொன்னால், 'நீ திரும்பிப் போகிறவன்தானே' என்று சொன்னதாக ஆகிவிடாதா?

நான் இங்கே ஒரு பாலிசி தேடினேன். 65 வயசுக்கு மேல் புதிதாக எடுக்க முடியாது என்று இருந்த வரம்பை 2024 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே இருக்கும் வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 74 வயசில் மூன்று வருஷம்! பிரீமியத்தைக் கேட்டால் இன்னொரு ஸ்டென்ட் வைக்க வேண்டி வரும். எப்படியோ ஒன்றை எடுத்தோம்.

நாகேஸ்வர ராவ் பார்க்கில் ஒரு காலை வாக்கிங். மூன்றாவது ரவுண்டில் சொன்னார்: "அந்த 185-ஐ நிறுத்திட்டேன்டா. வேண்டாம்னு சொல்றதுக்கும் ஒரு ஃபாரம் இருக்கு, பார்த்துக்கோ."

"அக்காகிட்டே சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். அழுதா. அப்புறம் ஓ.டி.பி. தொல்லை விட்டதுன்னு நெனைச்சுக்கோன்னேன். சிரிச்சா."

எனக்கு அதில் இன்றைக்கும் முழு சம்மதம் இல்லை. பி.காம். மூளை, அபராதம் பத்து சதவீதம், பத்து சதவீதம் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. கணக்கு தெரியாதவர் இல்லை அவர், ஆயுசெல்லாம் இன்ஜினீயர். இன்னும் கொஞ்ச நாள் கட்டியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொன்னேன். "பாலத்தைக் கட்டினவனுக்கு அதைத் தாண்டின அப்புறம் வேலை இல்லைடா" என்றார். என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் கட்டியதெல்லாம் பாய்லர்.

இந்தியக் குடியுரிமையே திரும்ப வாங்கிவிட்டால்? வழி இருக்கிறது. ஓ.சி.ஐ. ஆகி ஐந்து வருஷம் ஆக வேண்டும். விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இங்கே வசித்திருக்க வேண்டும். அதாவது 2028-க்கு மேல். "அப்ப எனக்கு 77. முதல் ஓட்டு யாருக்குப் போடறதுன்னு இப்பவே யோசிக்க ஆரம்பிக்கறேன்" என்கிறார்.

2025 நவம்பர். அப்பாவுக்கு ஏ.ஜி. ஆபீஸ் பென்ஷன், வருஷா வருஷம் நவம்பரில், தான் உயிரோடு இருப்பதாக பாங்க்கில் சர்ட்டிஃபிகேட் கொடுக்க வேண்டும். பெரியப்பாவுக்கும் அதே மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பும். பதில் போகாவிட்டால் பணம் நின்றுவிடும். ஜூனில் அவருடையதைப் பூர்த்தி செய்து மயிலாப்பூர் தபாலாபீஸில் சேர்த்தது நான்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "நாம உயிரோட இருக்கறதுலே ரெண்டு கவர்ன்மென்ட்டுக்கும் சந்தேகம்" என்றார்.

எனவே நவம்பரில் மூன்று பேருமாக அதே லஸ் கார்னர் பாங்க்குக்குப் போனோம். அப்பா உயிரோடு இருப்பதை நிரூபிக்க. பெரியப்பா, தி.நகரில் போட்ட என்.ஆர்.ஓ. கணக்கை முடித்துவிட்டு, 'இங்கேயே வசிப்பவர்' என்று இங்கே புதுக் கணக்கு ஆரம்பிக்க. அந்த மேனேஜர் அம்மாள்தான் விதியைப் படித்துவிட்டு, "நீங்க ரெசிடென்ட்தான் சார், தாராளமா வாங்க" என்று வரச் சொல்லியிருந்தார். கம்ப்யூட்டரில் 'ரெசிடென்ட்' என்று அடித்துவிட்டு 'அமெரிக்கா' என்று அடித்தால் அது மறுத்தது. இரண்டு பேர் வந்து, யாருக்கோ போன் போட்டு, கடைசியில் ஒத்துக்கொண்டது.

அப்பா கட்டைவிரலை மெஷினில் வைத்து, உயிரோடு இருக்கிறார் என்று நிரூபணமாகி, பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"நாமினி யார் சார்? இந்த மாசத்துலேர்ந்து நாலு பேர் வரைக்கும் போடலாம்" என்றார் மேனேஜர்.

பெரியப்பா முதலில் மகள் பெயரை எழுதினார். அடுத்த வரியில் அப்பா பெயர். உறவு: தம்பி. வயது: 71. தமிழில் கையெழுத்துப் போட்டார். கொம்பு சரியாக இருந்தது. அப்பா அதைப் பார்க்காத மாதிரி சுவரிலிருந்த கேலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஃபாரத்தை வாங்கிப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "தப்பா நெனைச்சுக்காதீங்க சார். இவருக்கே 71 ஆகுது. ரெண்டாவது பேரும் யாராவது இளையவரா இருந்தா..."

பெரியப்பா திரும்பி அப்பாவை ஒரு தடவை பார்த்தார்.

"இவன்தாம்மா எனக்கு இளையவன்" என்றார்.